நடுநிலையின் உயரம் நாலு விரல்கடை

எங்கள் செம்பாடுதுறையில் உயர்ந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. கொழும்புக்குப் போய் உயர்ந்தவர்கள் உண்டு, குவைத்துக்குப் போய் உயர்ந்தவர்கள் உண்டு, பெண்டாட்டி வீட்டார் தயவில் உயர்ந்துவிட்டு அதைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு, ஆனால் ஒரு தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டு, போட்ட கையோடு தரையிலிருந்து நாலு விரல்கடை உயர்ந்தவர்கள் என்றால் நாங்கள் இருபத்துமூன்று பேர் மட்டும்தான். அந்தத் தீர்மானத்தை எழுதியவன் நான். பெயர் செய்யது கலந்தர், அமைப்பின் செயலாளர், கையெழுத்து அழகாக இருக்கும் என்பதற்காகப் பதினோரு வருடம் அந்தப் பதவியில் இருந்தவன்.

அமைப்பின் பெயரையும் சொல்லிவிடுகிறேன், மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்: செம்பாடுதுறை வட்டார ஐக்கிய முஸ்லிம் நல்வழி ஒற்றுமைப் பேரவை. தொடங்கும்போது வெறும் நல்வழிப் பேரவைதான். முதல் தடவை உடைந்தபோது 'முஸ்லிம்' சேர்ந்தது, இரண்டாம் தடவை 'வட்டார' சேர்ந்தது, மூன்றாம் தடவை பாதிப் பேர் கோபித்துக்கொண்டு வெளியேறியதும் மீதிப் பேர் கூடி 'ஐக்கிய' என்று சேர்த்தோம், நாலாம் தடவை 'ஒற்றுமை' வந்தது, ஐந்தாம் தடவை லெட்டர்பேடில் இடமில்லாததால் பெயரைத் தொடவில்லை. உடையும்போதெல்லாம் ஆம்புலன்ஸ் யாருக்கு என்பதில்தான் பெரிய சண்டை வரும். ஐந்தாம் பிளவில் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, வண்டி எங்களுக்கு, அதன் சைரனும் சுழல் விளக்கும் பிரிந்துபோனவர்களுக்கு என்று முடித்துவைத்தார்கள். அன்றிலிருந்து எங்கள் ஆம்புலன்ஸ் சத்தமில்லாமல் போகும், அவர்கள் அலுவலகத்தில் சைரன் மட்டும் அவ்வப்போது அலறும், ஊர் இரண்டுக்கும் பழகிவிட்டது.

மிச்சமிருந்த எங்களுக்குள்ளும் இரண்டு பக்கம் இருந்தது. அண்ணனைக் காக்கா என்பது எங்கள் ஊர் வழக்கம், தலைவர் மொகுதூம் காக்கா கட்டில் சின்னத்தில் நிற்கும் கட்சிக்கு வேண்டியவர், துணைத்தலைவர் உதுமான் கனி மூக்குக்கண்ணாடிச் சின்னத்துக்கு வேண்டியவர், இது ஊரில் பால் குடிக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரியும், தெரியாதது போல நடப்பதற்குத்தான் நாங்கள் மாதம் இருமுறை செயற்குழு கூட்டினோம். தேர்தல் வந்தால் கட்டிலுக்கு ஆதரவு என்று சொன்னால் உதுமான் கனி ஆட்களோடு போய்விடுவார், கண்ணாடிக்கு என்று சொன்னால் மொகுதூம் காக்கா ஆம்புலன்ஸோடு போய்விடுவார், ஆகவே ஒவ்வொரு தேர்தலிலும் நான் ஒரு நடுநிலைத் தீர்மானம் எழுதுவேன். எந்தக் கட்சிக்கும் ஆதரவில்லை, எந்தக் கட்சிக்கும் எதிர்ப்பில்லை, சமுதாயம் விழிப்போடு வாக்களிக்கட்டும், அரசு ஆஸ்பத்திரிக்கு டாக்டர் வேண்டும் முதலான பதினாலு கோரிக்கைகளைத் தேர்தலுக்குப் பிறகு பரிசீலிப்போம். பழைய தீர்மானத்தை எடுத்து வருஷத்தை மட்டும் மாற்றினால் போதும்.

இந்தத் தடவை நான் கொஞ்சம் கூடுதலாகவே உழைத்துவிட்டேன். தீர்மானத்துக்கு இரண்டு நாள் முன்னால் கட்டில் வேட்பாளர் ராக்கப்பன் என் கடைக்கு வந்து, "பாய், ஒங்க ஆளுங்க ஓட்டு நமக்குத்தான?" என்று கேட்டார், நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு "இன்ஷா அல்லாஹ் அண்ணாச்சி" என்றேன். மறுநாள் கண்ணாடி வேட்பாளர் அருள்சகாயம் வந்து கேட்டார், அவர் கையையும் அதே சூட்டோடு பிடித்துக்கொண்டு அதையே சொன்னேன். இரண்டு பேரும் மகிழ்ச்சியாகப் போனார்கள். இறைவன் நாடினால் என்று சொல்லிவிட்டால் பொறுப்பு இறைவனுடையது, பிடித்த கை மட்டும்தான் என்னுடையது என்று நான் நம்பியிருந்தேன் என்றால் என் மார்க்க அறிவை நீங்களே அளந்துகொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை மாலை அஸர் தொழுகை முடிந்து கூடினோம், தீர்மானத்தை வாசித்தேன், ஒருமனதாக நிறைவேறியது, இருபத்துமூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம், துஆ ஓதி, ஆளுக்கு எண்ணெயில் பொரித்த ஒரு வாடாவும் தேநீரும் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து செருப்பு மாட்டப் பார்த்தால் ஒருவர் காலும் செருப்பில் நுழையவில்லை. செருப்பு தரையில் கிடந்தது, பாதம் அதற்கு மேலே நாலு விரல்கடை உயரத்தில் நின்றது. அழுத்திப் பார்த்தோம், குதித்துப் பார்த்தோம், தூணைப் பிடித்துக்கொண்டு உடம்பைக் கீழே தள்ளிப் பார்த்தோம். கடைசியில் மொகுதூம் காக்கா, "சரி, நேரமாச்சு, செருப்பக் கையில எடுத்துக்கிட்டு வாங்க" என்றார், ஆனால் தரையில் கிடந்ததை எடுக்கக் கையும் எட்டவில்லை. செருப்புகளை அங்கேயே விட்டுவிட்டு இருபத்துமூன்று பேரும் கடைத்தெரு வழியாக வரிசையாக வீட்டுக்குப் போனோம், யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, மீன்காரி ஒருத்தி மட்டும் "தேர்தலு வந்துட்டுல்ல" என்று பக்கத்துக்காரியிடம் சொன்னாள்.

முதலில் பழகிக்கொண்டவர்கள் எங்கள் வீட்டுப் பெண்கள்தான். கழுவிவிட்ட தரையில் கால்தடம் விழவில்லை, பாய் நைந்துபோகவில்லை, முதுகுக்கும் பாய்க்கும் நடுவே காற்று ஓடியதால் புழுக்கத்திலும் வியர்க்கவில்லை, நல்லது என்றார்கள். செருப்புக் கடை வைத்திருந்த அசன் குத்தூஸ் மட்டும் சங்கடப்பட்டார். தேர்தல் பறக்கும் படையிலிருந்து ஒரு அதிகாரி ஜீப்பில் வந்து, நீங்கள் இப்படி நிற்பது எந்தக் கட்சியின் பிரச்சாரம், முன் அனுமதி உண்டா என்று விசாரித்தார், நான் தீர்மானத்தின் நகலைக் கொடுத்தேன், வாசித்துவிட்டு, அப்படியென்றால் விதிமீறல் இல்லை என்று எழுதிக்கொண்டு, போகிற வழியில் பள்ளிக்கூடத்துச் சுவரில் இருந்த உயரம் அளக்கும் கோட்டை வேறு மறைத்துவிட்டுப் போனார். மொகுதூம் காக்கா திறந்து கிடந்த சாக்கடைக்கு மேலே காற்றில் நடந்து கடந்ததைப் பார்த்தவர்கள், தலைவர் என்றால் இப்படி இருக்க வேண்டும், ஊர் சாக்கடை அவர் காலில் ஒட்டவில்லை என்று பேசிக்கொண்டார்கள். பள்ளம், குழி, வாய்க்கால் எதுவும் எங்களை உள்ளே வாங்காது, மேலேயே மிதந்து போவோம் என்பது அன்று தெரிந்தது.

தொல்லை பள்ளிவாசலில்தான் வந்தது. ஸஜ்தாவில் நெற்றி தரையில் பட வேண்டும், எங்களுக்குப் படவில்லை. குனிவோம், நெற்றி நாலு விரல்கடைக்கு மேலேயே நின்றுவிடும். விரிப்பை நாலாக மடித்து வைத்தோம், அதற்கு ஏற்ப நாங்களும் உயர்ந்தோம். பள்ளிவாசல் இமாமான ஹஸ்ரத்திடம் கேட்டோம். அவர் நிதானமானவர், தாடியைத் தடவிக்கொண்டு, "நோயாளி சைகையால தொழலாம். நீங்க நோயாளின்னு ஒத்துக்கிட்டா எனக்கு ஆட்சேபம் இல்ல" என்றார். ஒத்துக்கொள்வதா வேண்டாமா என்று செயற்குழு மூன்று அமர்வு கூடியது. இது கராமத், அதாவது நம் நடுநிலைக்கு அல்லாஹ் தந்த சிறப்பு என்றார் மொகுதூம் காக்கா. கராமத் இறைநேசர்களான அவ்லியாக்களுக்குத்தான் உண்டு, கட்டிலுக்கு வேலை பார்ப்பவர்களுக்குக் கிடையாது, இது சோதனை என்றார் உதுமான் கனி. நான் சிறப்பான சோதனை என்று தீர்மானம் எழுதினேன். அது ஒருமனதாக நிறைவேறியது, அன்று நாங்கள் இன்னும் ஒரு விரல்கடை உயர்ந்தோம்.

கேலியாகச் சொல்லிக்கொண்டு போனாலும் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: அந்த நாட்களில் தொழுகை முடிந்து எழும்போது என் நெற்றி அனாதையாக இருந்தது. ஏழு வயதிலிருந்து ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை தரையைத் தொட்ட நெற்றி, இப்போது தொடவில்லை. அழுகை வரும், பக்கத்தில் உதுமான் கனி இருப்பார், அடக்கிக்கொள்வேன்.

இரண்டாம் வாரம் மருந்து கிடைத்தது. தேநீர்க் கடை சேகு அப்துல்லா எங்கள் செயற்குழு உறுப்பினர், தரையில் நிற்காமலேயே டீ ஆற்றிக் கொண்டிருந்தார், அதைப் பார்க்க வந்த கூட்டத்தில் வியாபாரமும் கூடியிருந்தது. ஒருநாள் காலை, கடை நிறைய ஆள் இருக்கும்போது, யாரோ அவரைச் சீண்டினார்கள், "நீங்கதான் நடுநிலையாச்சே, ஒங்க ஓட்டுக்குப் பெட்டியில எடமே இல்லையே" என்று. சேகுவுக்கு மூக்கின்மேல் கோபம் வரும். "என்னய்யா நடுநிலை, எம் மச்சான் கட்டிலுக்குப் பூத் ஏஜெண்டு, நான் கட்டிலுக்குத்தான் போடுவேன், தலைவரு போடச் சொன்ன கையெழுத்து அது, நான் அன்னைக்கே பொய்யாத்தான் போட்டேன்!" என்று கத்தினார். கத்தி முடிக்கவும் தொப்பென்று இரண்டு காலும் தரையில் பட, கையிலிருந்த சூடான டீ முழங்கையில் கொட்டியது. கொட்டிய வலியோடு அப்படியே தரையில் விழுந்து ஸஜ்தாவில் கிடந்தார் சேகு. கடையில் இருந்தவர்கள் அவர் எழுந்திருக்கும்வரை காத்திருந்து மறு டீ வாங்கிக் குடித்தார்கள்.

அன்று மாலையே அவசரச் செயற்குழு கூடி, நடுநிலையை மீறியதற்காக சேகுவை நீக்கியது. நீக்கல் கடிதத்தை நான்தான் எழுதினேன். மருந்து என்னவென்று இப்போது எங்கள் இருபத்திரண்டு பேருக்கும் தெரியும். வாயைத் திறந்து உள்ளதைச் சொன்னால் கால் தரையில் படும், பதவி போகும். ஆச்சரியம் என்னவென்றால், அதற்குப் பிறகு எங்களில் யாருமே மிதப்பதைப் பற்றிக் குறைபட்டுக்கொள்ளவில்லை, உயரத்தில் காற்று நன்றாக வருகிறது என்றுகூடச் சிலர் சொன்னார்கள்.

இந்த இடத்தில் என் அக்கா மைமூன் வருகிறாள், நாங்கள் ராத்தா என்போம். எனக்குப் பத்து வயதில் உம்மா மௌத்தானபோது என்னை வளர்த்தவள், புருஷன் இறந்து இருபது வருடம், பிள்ளை இல்லை. இதயம் பெருத்துப் போயிருக்கிறது என்று ராமநாதபுரத்து டாக்டர் சொல்லியிருந்தார், நாலு தலையணை வைத்துச் சாய்ந்தால்தான் மூச்சு வரும். நான் பார்க்கப் போனபோது கட்டிலில் படுத்திருந்தாள், அதில் அரசியல் எதுவும் இல்லை. அவள் வீட்டு வாசலில் தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டி மூடாமல் விட்ட பள்ளம் ஒன்று இருந்தது, நான் அதற்கு மேலே மிதந்து வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள்.

"அந்தக் குழிக்குள்ள எறங்குடா பாப்போம்" என்றாள், ஸலாம்கூடச் சொல்லவில்லை.

"எறங்க முடியாது ராத்தா. குழி எங்களை வாங்காது."

"அப்ப என் குழியில எப்படிடா எறங்குவே?"

அவள் மூச்சை வாங்கி வாங்கிப் பேசினாள். "பொம்பள மையித்தக் குழியில வைக்க மஹ்ரமான ஆம்பள வேணும். வாப்பா இல்ல, மாப்புள இல்ல, புள்ள இல்ல. எனக்கு ரத்தத்துல மிஞ்சினது நீ ஒருத்தன். நாளைக்கு என்னைய யாருடா எறக்கி வைப்பா, ஒங்க உதுமான் கனியா?"

"ஆள் இல்லாட்டி நல்ல மனுஷங்க யாரும் வைக்கலாம்னு ஹஸ்ரத்..."

"ஆள் ஈக்கே! ஆறடி ஆளு, அந்தரத்துல நிக்கிறியே!" இருமினாள், தண்ணீர் கொடுத்தேன், பாதி குடித்தாள். "ஆயுசு பூரா ஆம்பளைக்கு முன்னால முக்காட்ட எறக்காதவ நான். கடைசியில அந்நிய கையில போக மாட்டேன். சேகு எறங்குனானே, அதே மாதிரி உள்ளதச் சொல்லிட்டு எறங்குடா."

"நான் சொன்னா அமைப்பு ஒடஞ்சிடும் ராத்தா. ரெண்டு பக்கமும் என்னைய நம்பித்தான் ஒண்ணா ஈக்கிறாஹ."

"இதுக்கு முன்ன அஞ்சு தடவ ஒடஞ்சுச்சே, அப்பல்லாம் நீ உண்மை பேசித்தான் ஒடஞ்சுச்சா?"

எழுந்து, அதாவது எழுந்தது போல நிமிர்ந்து, "சரி ராத்தா, ரெண்டு நாள்ல எறங்கிடறேன், இன்ஷா அல்லாஹ்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். "ராக்கப்பன்கிட்ட சொன்னியே, அருள்சகாயத்துக்கிட்ட சொன்னியே, அந்த இன்ஷா அல்லாவ எங்கிட்ட சொல்லாத" என்றாள். ஊரில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. நான் வாசலுக்கு வரும்போது என் தலை நிலையின் மேற்சட்டத்தில் இடித்தது, உள்ளே வந்தபோது இடித்திருக்கவில்லை.

ரெண்டு நாள் பத்து நாளானது. ஒவ்வொரு நாளும் இறங்கிவிட வேண்டும் என்றுதான் கடைக்குப் போவேன், அங்கே ஒரு கட்டில்காரர் வருவார், ஒரு கண்ணாடிக்காரர் வருவார், இருவருக்கும் சிரித்துச் சிரித்து நம்பிக்கை சொல்லி அனுப்புவேன், சாயந்தரம் பார்த்தால் ஒரு விரல்கடை ஏறியிருப்பேன். மற்றவர்கள் ஐந்து விரல்கடையில் நின்றார்கள், நான் ஒரு சாணைத் தாண்டினேன், முழத்தை நெருங்கினேன். மார்க்க அறிவிலும் வயதிலும் செல்வாக்கிலும் என்னைவிடப் பெரியவர்கள் அத்தனை பேரையும் நான் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. சங்கு குளிக்கப் போகிறவர்களிடம் ஒரு கல் வாங்கிக் காலில் கட்டிப் பார்த்தேன். கல்லும் என்னோடு மிதந்தது.

பிரச்சாரம் ஓயும் நாளன்று காலை பத்து மணிக்கு ராத்தா மௌத்தானாள். மூச்சு முட்டியபோதே பக்கத்து வீட்டு ஜுனைதா ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருந்தாள், வண்டி வந்தது, சத்தமில்லாமல் வந்ததால் சந்து முனையில் நின்ற கட்டில் ஊர்வலம் வழிவிடவில்லை, ஊர்வலம் வழிவிட்டபோது தேவை முடிந்துவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது நாலு தலையணையையும் எடுத்துவிட்டு ராத்தாவை மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள். இத்தனை மாதத்தில் அவள் அப்படித் தட்டையாகப் படுத்து நான் பார்த்ததே இல்லை. பெண்கள் குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றினார்கள். நான் வாசலில் ஒரு முழ உயரத்தில் தொங்கிக்கொண்டு, வந்தவர்களுக்கு ஸலாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அஸருக்குப் பிறகு அடக்கம். தேர்தல் நேரத்து மையித்துக்குக் கூட்டம் சேருவதைச் சொல்ல வேண்டியதில்லை. ராக்கப்பன் தோளில் துண்டைப் பணிவாக இடுப்புக்கு இறக்கிக்கொண்டு வந்தார், அருள்சகாயம் கர்ச்சீப்பைத் தலையில் கட்டிக்கொண்டு வந்தார், சைரனைக் கொண்டுபோனவர்களும் வந்தார்கள். அடக்கியதும் கபர்க்குழியருகே உட்கார்ந்து, இறந்தவருக்குச் சொல்லிக்கொடுக்கும் தல்கீன் ஓத வேண்டும் என்று மொகுதூம் காக்காவின் ஆட்களும், அது கூடாது என்று உதுமான் கனியின் ஆட்களும் அடக்கத்தலமான மையவாடியின் வாசலிலேயே தொடங்கினார்கள், வழக்கம்போல என்னைப் பார்த்தார்கள், நான் வழக்கம்போல வாயைத் திறந்து, வேண்டியவர்கள் மனதுக்குள் ஓதிக்கொள்ளலாம் என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. சந்தூக்குப் பெட்டியைக் கபருக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டார்கள்.

"மஹ்ரம் யாரு, எறங்குங்க" என்றார் ஹஸ்ரத்.

நான் போனேன். குழிக்கு மேலே போய் நின்றேன். கீழே ஈர மணல், அடியில் அளவாக வெட்டிய இடம், ஒருக்களித்துப் படுக்கும் ஒரு பெண்ணுக்கு. நான் அதற்கு மேலே கூரை போட்டது போல நின்றேன். நாலு பேர் என் காலைப் பிடித்து இழுத்தார்கள். கால் நீண்டது போல வலித்தது, உடம்பு இறங்கவில்லை. தோளில் கைவைத்து அழுத்தினார்கள். கூட்டத்தில் யாரோ சிரிப்பை அடக்கியது கேட்டது, அவர்மேல் தப்பில்லை.

"தம்பி, விடு, சேகு எறங்கட்டும், நல்ல மனுஷன், நிர்ப்பந்தத்துக்குக் கூடும்" என்றார் மொகுதூம் காக்கா. அவர் கருணையோடுதான் சொன்னார். அதை ஏற்றுக்கொண்டால் எல்லாம் காப்பாற்றப்பட்டுவிடும், தீர்மானம், பதவி, ஆம்புலன்ஸ், எல்லாம். சேகு வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு குழியோரத்துக்கு வந்தும் விட்டார். சந்தூக்கில் ராத்தா வெள்ளைத் துணிக்குள் இருந்தாள். அந்நிய கையில் போக மாட்டேன் என்று அவள் சொன்னதை நினைத்தேன்.

"ராக்கப்பண்ணாச்சி" என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "ஒங்களுக்கு எங்க ஓட்டு வரும்னு சொன்னேன்ல, அது பொய்."

ஒரு சாண் இறங்கினேன்.

"என்ன பாய் இது, இந்த எடத்துல..." என்றார் ராக்கப்பன்.

"அருள்சகாயம் அண்ணாச்சி, ஒங்களுக்கும் அதையேதான் சொன்னேன். அதுவும் பொய். ஒரே வாரத்துல, ஒரே கையால சொன்னேன்."

இன்னும் இறங்கினேன். அருள்சகாயம் ராக்கப்பனைப் பார்த்தார், ராக்கப்பன் அருள்சகாயத்தைப் பார்த்தார், தேர்தல் தொடங்கியதிலிருந்து அவர்கள் இருவரும் ஒத்த கருத்தோடு இருந்தது அந்த ஒரு நொடிதான். ஆனால் நாலு விரல்கடை பாக்கி இருந்தது. அந்த நாலு விரல்கடை நகரவில்லை. இன்னும் என்ன பொய் பாக்கி என்று நான் உள்ளே தேடினேன், தேட அதிக நேரம் பிடிக்கவில்லை, எத்தனையோ வருடமாக அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.

"காக்கா, அமைப்பு ஒடையக் கூடாதுன்னு நான் நடுநிலை எழுதல" என்றேன். "ரெண்டு பக்கத்துக்கும் நான் வேணும்னு எழுதினேன். நீங்க ரெண்டு பேரும் ராசியாயிட்டா செயலாளர் எதுக்குன்னு கேப்பியளே, அந்தப் பயம். ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல சண்டை ஆறாமப் பாத்துக்கிட்டது நான்தான். அதுக்கு அல்லாஹ் பேரையும் இழுத்தேன். இன்ஷா அல்லாஹ்னு சொல்றப்ப என் மனசுல அல்லாஹ் இல்ல, நான்தான் இருந்தேன்."

விழுந்தேன். கால் முதலில் பட்டது, பிறகு முழங்கால், பிறகு நெற்றி, அந்த ஈர மணலில், ராத்தாவுக்கு வெட்டிய இடத்தில். அப்படியே சிறிது நேரம் கிடந்தேன். எழுந்திருக்க மனம் வரவில்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை.

எழுந்து கையை மேலே நீட்டினேன். பெண் மையித்துக்குக் குழிக்கு மேலே போர்வை பிடிப்பது வழக்கம், செயற்குழு உறுப்பினர்கள் நாலு பேர் நாலு மூலையையும் பிடித்துக்கொண்டு மிதந்தார்கள். போர்வைக்குக் கீழே மேலேயிருந்து ராத்தாவை இறக்கினார்கள், நான் வாங்கினேன். இவ்வளவு கனமா என்றிருந்தது, இத்தனை நாள் எனக்குக் கனம் என்பதே மறந்து போயிருந்ததால் அப்படித் தோன்றியிருக்கலாம். ஓத வேண்டியதை ஓதிக்கொண்டு வலப்பக்கமாகக் கிடத்தினேன், முகத்தை மேற்கே கிப்லாவுக்குத் திருப்பினேன், கட்டுகளை அவிழ்த்தேன், கன்னத்தை மண்ணில் வைத்தேன். "வந்துட்டேன் ராத்தா" என்று சொன்னேன். சத்தம் போட்டு அழுதேன்.

அப்போது மேலே போர்வையின் ஒரு மூலை சரிந்தது. வெளிச்சம் விழுந்தது. என்னவென்று நிமிர்ந்து பார்த்தால், மூலையைப் பிடித்திருந்தவர் கையைத் தூக்கியிருந்தார். அவசரச் செயற்குழு மேலேயே கூடிவிட்டது. நடுநிலையை மீறியதற்காகவும் அமைப்பின் ரகசியங்களை மையவாடியில் வெளியிட்டதற்காகவும் செயலாளர் செய்யது கலந்தர் நீக்கப்படுகிறார் என்று உதுமான் கனி சொல்ல, மொகுதூம் காக்கா வழிமொழிய, இருபத்தோரு பேரும் கை தூக்கியிருந்தார்கள். சேகு ஓடிவந்து போர்வை மூலையைப் பிடித்துக்கொண்டார். பதினோரு வருடத்தில் உண்மையாகவே ஒருமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம் அது, ஒருவர் மனதிலும் மாற்றுக் கருத்து இல்லை, அதனாலேயே அவர்கள் இருபத்தோரு பேரும் ஒரு விரல்கடை இறங்கினார்கள். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அழுதுகொண்டே சிரித்தேன், ராத்தா உயிரோடு இருந்திருந்தால் என்னைவிடச் சத்தமாகச் சிரித்திருப்பாள்.

பலகை வைத்து மூடினோம். சேகு கைகொடுத்து என்னை மேலே ஏற்றினார். இனி ஆளுக்கு மூன்று கைப்பிடி மண் போட வேண்டும். ராக்கப்பன் போட்டார், அருள்சகாயம் போட்டார், சைரன்காரர்கள் போட்டார்கள். எங்கள் செயற்குழு, இனி எங்கள் என்று சொல்லக் கூடாது, அந்தச் செயற்குழு வரிசையாக வந்து நின்றது, குனிந்தது, நாலு விரல்கடை உயரத்தில் கைகள் காற்றைப் பிடித்தன. மண்ணுக்குக் கை எட்டவில்லை. என்னை யாரும் பார்க்கவில்லை, பார்க்காமலே அப்படியே குனிந்திருந்தார்கள்.

நான் உட்கார்ந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளி மொகுதூம் காக்காவின் கையில் வைத்தேன். அவர் ஓதிவிட்டுப் போட்டார். மறுபடி அள்ளி வைத்தேன், போட்டார். மூன்றாவது கைப்பிடியை வைத்தேன். அவர் போடவில்லை. மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னும் மண் மூடாமல் கிடந்த கபரையும் தன் பாதத்துக்கும் தரைக்கும் நடுவில் இருந்த இடைவெளியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் வரிசை நின்றது, உதுமான் கனி தொண்டையைச் செருமினார்.

"கலந்தரு" என்றார் மொகுதூம் காக்கா, எனக்கு மட்டும் கேட்கும்படி. "எனக்கு ரெண்டு ராத்தா ஈக்கிறாஹ."